தொட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்த நாற்பது வரிகள்

நானாகவே ஓய்வு வாங்கிக்கொண்டு வந்து ஏழு மாதம் ஆகிறது. கடைசி நாளில் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள், லேப்டாப்பை வாங்கிக்கொண்டார்கள், அலமாரிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை எடுக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. அதனால் தினமும் காபி ஆறுவதற்குள் உங்கள் கஷ்டங்களை ஒரு சுற்று படித்துவிடுகிறேன். முந்தாநாள், புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒருவர் எழுதியிருந்தார்: “ஸ்கிரிப்ட் சூப்பரா ஓடுது. சிபியூ மட்டும் நூறு பெர்சென்ட்லயே நிக்குது. பரவால்லதானே?” அதற்குக் கீழே ஒன்பது கட்டைவிரல்கள்.

அந்தக் கட்டைவிரல்களைப் பார்த்ததும் எனக்குக் காபி இறங்கவில்லை. பரவாயில்லை என்று நானும் ஒருமுறை நினைத்தேன். அந்த நினைப்பால் வைட்ஃபீல்டில் ஒரு மனிதருக்கு வேலை போக இருந்தது. குழுவில் சொன்னால் நீளும் என்பதால் உங்கள் எல்லோருக்கும் தனிக் கடிதமாக எழுதுகிறேன். படித்துவிட்டுச் சிரியுங்கள், தப்பில்லை. சிரித்து முடித்ததும் உங்கள் ஸ்கிரிப்டை ஒருமுறை திறந்து பாருங்கள்.

நாலு வருஷத்துக்கு முன்னால், பெங்களூரில் ஒரு ஏப்ரல். ஜகரண்டா உதிர்ந்து முடிந்து குல்மோஹர் சிவக்கத் தொடங்கியிருந்தது. டேங்கர் லாரிகள் தெருவெல்லாம் ஈரக்கோடு போட்டபடி போய்க்கொண்டிருந்தன. அந்தக் கோடு காய்வதற்குள் அடுத்த லாரி வந்துவிடும். அபார்ட்மெண்ட் மாடித் தொட்டிகளுக்குத் தானாகத் தண்ணீர் ஏற்றும் ஏற்பாட்டை அப்போது நம் கம்பெனி செய்துகொண்டிருந்தது. வைட்ஃபீல்டில் மூன்று பிளாக் கொண்ட ஒரு அபார்ட்மெண்ட் எங்கள் முதல் வாடிக்கையாளர். அதை ஓட்டும் ஸ்கிரிப்டை, அந்தச் சின்ன புரோகிராமை, எழுதியவன் நான்.

நாற்பது வரி. தொட்டியில் தண்ணீர் எவ்வளவு என்று சென்சாரைக் கேட்கும். கால் பங்குக்குக் கீழே என்றால் மோட்டாரைப் போடும். நிறைந்தால் நிறுத்தும். பிறகு மறுபடி முதலிலிருந்து, லூப்பாக. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே மூச்சுவிட நான் இடமே வைக்கவில்லை. வைக்க வேண்டும் என்று தோன்றவுமில்லை. நான் உட்கார்ந்த இடத்தில் காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறவன். லிஃப்ட் பொத்தானை ஒருமுறை அழுத்திவிட்டு நிம்மதியாக நிற்கத் தெரியாதவன். என் ஸ்கிரிப்டும் என்னை உரித்து வைத்துப் பிறந்திருந்தது. என் லேப்டாப் பலசாலி, அதனால் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அங்கே பம்ப் ரூமில் நாங்கள் வைத்ததோ டிபன் பாக்ஸ் அளவில் ஒரு இரும்புப் பெட்டிக் கணினி. விசிறி கிடையாது. மேல்மூடியில் வரிசையாகத் துளைகள். உள்ளே இருக்கிற சூடு அந்த வழியாகத்தான் வெளியே போக வேண்டும்.

அபார்ட்மெண்ட் சங்கத்தின் செயலாளருக்கு எழுபது வயது. அவர் தாத்தா காலத்திலேயே பெங்களூரில் வேரூன்றிய தமிழ்க் குடும்பம். மாநில அரசில் ஏதோ ஒரு இலாகாவில் கோப்புகளை மேய்த்து ஓய்வு பெற்றவர். சாதாரணமாகப் பேசினால் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். செயல்விளக்கத்தின்போது அவரிடம் பெருமையாகச் சொன்னேன்.

“இது கண்ணே இமைக்காது சார். பாத்துக்கிட்டே இருக்கும்.”

“அதாம்ப்பா வேணும். நம்ம ஆளுங்களுக்கு இமைக்கறதைத் தவிர வேற வேலையே கிடையாது” என்றார். சொல்லிவிட்டு, பம்ப் ரூம் வாசலில் நின்றிருந்த முனிராஜைப் பார்த்தார்.

முனிராஜ்தான் அங்கே மோட்டார் போடுகிறவர். சந்தாபுராவிலிருந்து தினமும் பஸ் ஏறி வருவார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். எட்டு வருஷமாகத் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் இயந்திரம் வந்ததும் தோட்டம், குழாய் ரிப்பேர், லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களைத் தைரியப்படுத்துவது எல்லாம் அவர் தலையில் விழுந்தது. கையால் மோட்டார் போடும் சுவிட்சுக்குச் செயலாளர் ஒரு பூட்டுப் போட்டுச் சாவியைத் தன் வீட்டுக்குக் கொண்டு போய்விட்டார். மனிதக் கை பட்டால் தானியங்கிக்கு மரியாதை இல்லை என்பது அவர் கட்சி.

முதல் வாரம் தேனாகப் போயிற்று. இரண்டாவது வாரம் தொடங்கியது வினை. மத்தியானம் ஒரு மணி, ஒன்றரை மணிக்கு எங்கள் பெட்டி தானாக அணைந்துவிடும். மோட்டார் ஓடாது. தொட்டி வறளும். முனிராஜ் சாவிக்காகச் செயலாளருக்குப் போன் போட்டால், மனிதர் ஒன்றிலிருந்து மூன்று வரை தூங்குவார், எடுக்கமாட்டார். மூன்று பிளாக்கிலும் பாதிக் குளியல், பாதிப் பாத்திரம், பாதி ஷாம்பூவோடு ஜனங்கள் நிற்பார்கள். அரை மணி கழித்து முனிராஜ் பெட்டியின் பொத்தானை அழுத்துவார். அது ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து உட்கார்ந்து வேலையைத் தொடரும். இப்படி ஒன்பது நாளில் ஆறு தடவை.

ஒரு வெள்ளிக்கிழமை செயலாளர் எனக்குப் போன் செய்தார்.

“கேமராவுல பாத்தேன்ப்பா. ஒவ்வொரு தடவையும் பெட்டி அணையறதுக்கு முன்னாடி அந்த முனிராஜ் ஒரு பையோட உள்ள போறான். வெறும் கையோட வெளிய வரான். வேலை போயிடும்னு பயந்து பிளக்கைப் பிடுங்கறான். ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு மீட்டிங். அவனை எடுத்துடப் போறோம். லெட்டர் டைப் பண்ணியாச்சு. மெஷின்ல தப்பு இல்லைனு நீங்க ஒரு பக்கம் ரிப்போர்ட் குடுத்தா போதும்.”

“பாத்துட்டுச் சொல்றேன் சார்” என்றேன். உண்மையில் பார்க்காமலே சொல்லத் தயாராக இருந்தேன். இன்னும் இரண்டு அபார்ட்மெண்ட்கள் எங்களைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று இந்த அபார்ட்மெண்டைப் பார்த்துக்கொண்டிருந்தன. நம் தொழிலில் நாற்பத்தேழு வயது என்பது எப்படிப்பட்ட வயது என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. தெரிய வேண்டிய நாளில் தெரியும்.

எங்கள் டீம் லீடைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பெயர் போடமாட்டேன். போட்டால், “என்னை எதுக்கு அண்ணா இதுல இழுத்தீங்க?” என்று கேட்பார். காக்ஸ் டவுனிலிருந்து வருவார், என்னைவிட ஒன்பது வயது சின்னவர். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். அந்த அண்ணாவில் பல தினுசு உண்டு. டீ சாப்பிடப் போகலாம் என்கிற அண்ணா வேறு, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டேன் என்கிற அண்ணா வேறு. இரண்டாவது வந்தால் எழுந்து நின்றுவிடத் தோன்றும்.

“ரிப்போர்ட் எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவ நேர்ல போய்ட்டு வாங்கண்ணா. மத்தியானமா போங்க” என்றார், இரண்டாவது தினுசில்.

சனிக்கிழமை மெட்ரோ பிடித்து, பிறகு ஆட்டோ பிடித்து, ஒரு மணிக்குப் பம்ப் ரூமுக்குள் நுழைந்தேன். உள்ளே மோட்டார் இரைச்சலும் அனலும். அந்த அனலுக்கு நடுவே ரசம் மணத்தது.

என் கணினியின் மேல் நாலு டிபன் பாக்ஸ்கள் இருந்தன.

கோபுரம்போல, ஒன்றின் மேல் ஒன்றாக. அடியில் இருந்தது எவர்சில்வர். முனிராஜ் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, திருவிழாவில் தேருக்குக் கட்டை போடுகிறவர்போலக் கவனமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. திங்கள்: செக்யூரிட்டி. செவ்வாய்: ஹவுஸ்கீப்பிங், ஏ பிளாக். புதன்: ஹவுஸ்கீப்பிங், பி பிளாக். அன்றன்றைக்கு யாருடையது அடியில் இருக்க வேண்டும் என்பதற்கான பட்டியல் அது.

“வாங்க சார், வாங்க!” என்று எழுந்தார் முனிராஜ். “உங்க கையக் குடுங்க மொதல்ல. இன்னா மெஷின் சார் இது! பன்னெண்டே முக்காலுக்கு வெச்சா ஒன்றரைக்கு சோறு ஆவி பறக்குது. முன்னல்லாம் ஆறிப்போன ராகி முத்தேதான், பேஜாரு. ஆறு வருஷமா மைக்ரோவேவ் கேக்குறோம், அசோசியேஷன்ல தரல. நீங்க வந்துதான் நமக்கு விடிஞ்சுது.”

“இது சோறு சூடு பண்ற மெஷின் இல்லைங்க.”

“தெரியும் சார், தண்ணி மெஷின்தான். அந்தத் தண்ணிதான் சரியா வரமாட்டேங்குது. மத்தபடி சூப்பர்.”

அவரிடம் கேட்டேன், ஒவ்வொரு நாளும் உள்ளே கொண்டு வந்த பையில் என்ன என்று. “ஊட்டா சார். சாப்பாடு. வேற இன்னா?” என்றார். கேமரா பார்த்த மர்மப் பை அதுதான்.

உங்களிடம் ஒளிக்கமாட்டேன். எனக்கு அப்போது வந்தது சந்தோஷம். மேல்மூடித் துளைகளை டிபன் பாக்ஸ் அடைத்துக்கொள்கிறது. சூடு வெளியே போக வழியில்லை. உள்ளே கொதித்துப் பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாக அணைகிறது. சாப்பிட்டு முடித்து டப்பாவை எடுத்ததும் ஆறி, பொத்தானை அழுத்தினால் பிழைத்துக்கொள்கிறது. மர்மம் விலகிவிட்டது. என் நாற்பது வரியில் தப்பில்லை. முனிராஜின் முன்னாலேயே டீம் லீடுக்குப் போன் போட்டேன். மோட்டார் இரைச்சலில் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் வேறு போட்டேன்.

“கண்டுபிடிச்சுட்டேன். டிபன் பாக்ஸ்! கம்ப்யூட்டர் மேல டிபன் பாக்ஸ் வெச்சிருக்காங்க!”

“சரிண்ணா. ஏன் வெச்சாங்க?”

“சூடு பண்ண.”

“அது ஏன் அவ்ளோ சூடா இருக்கு?”

நான் அடியிலிருந்த எவர்சில்வர் டப்பாவைத் தொட்டுவிட்டு விரலை உதறினேன்.

“தொட்டியில தண்ணி எவ்ளோன்னு பாக்கறதுதானேண்ணா அதோட வேலை? ராக்கெட் விடலையே? சோறு வேகற அளவுக்கு அதுக்கு என்ன உழைப்பு? உங்க லூப் நடுவுல எவ்ளோ நேரம் தூங்குது?”

“தூங்காது. அதுதான் நம்ம ஸ்பெஷாலிட்டி.”

“அண்ணா” என்றார். இது மூன்றாவது தினுசு. அதற்கு முன் கேட்டதில்லை. “லேப்டாப்பை மாட்டி, சிபியூ எவ்ளோன்னு பாத்துச் சொல்லுங்க.”

மாட்டினேன். நூறு. அசையாத நூறு. பெட்டியின் பலம் முழுவதும் செலவாகிக்கொண்டிருந்தது. பக்கத்தில், தொட்டி நிலவரத்தை இதுவரை எத்தனை தடவை கேட்டிருக்கிறது என்று ஒரு எண் ஓடிக்கொண்டிருந்தது. கடைசி இலக்கங்கள் கண்ணுக்கே பிடிபடவில்லை, வெறும் மங்கலாகத் தெரிந்தன. ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கான தடவை, ‘நிறைஞ்சுதா, நிறைஞ்சுதா, நிறைஞ்சுதா’ என்று கேட்டுக்கொண்டிருந்தது என் ஸ்கிரிப்ட். தொட்டி நிறைய நாற்பது நிமிஷம் ஆகும்.

தோளுக்குப் பின்னாலிருந்து முனிராஜ் எட்டிப் பார்த்தார். “இது எல்லாம் கேட்டதா சார்? ஒரே நாள்லயா? அடேங்கப்பா. செக்ரெட்டரிகூட இவ்ளோ தடவ கேக்கமாட்டாரு.”

போனில் சிரிப்புக் கேட்டது. பிறகு, “நாளைக்குப் பத்து மணிக்கு நான் சர்ச்ல இருப்பேண்ணா. போன் எடுக்கமாட்டேன். ரிப்போர்ட்ல என்ன எழுதறதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க” என்று வைத்துவிட்டார்.

இப்போது கவனியுங்கள், தப்பை உணர்ந்தவன் செய்கிற அடுத்த தப்பு இது. பதற்றத்தில் எதிர்த் திசையில் ஓடுவான். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே ஸ்கிரிப்ட் தூங்கட்டும் என்று ஒரு வரி சேர்த்தேன். எவ்வளவு நேரம்? யோசிக்கவில்லை. இத்தனை நாள் தூங்காத பிள்ளை, நன்றாகவே தூங்கட்டும் என்று பத்து நிமிஷம் கொடுத்தேன். நூறு என்று நின்ற எண் ஒன்றுக்கு வந்து விழுந்தது. அது விழுந்த அழகை என்னால் இன்றைக்கும் சொல்ல முடியும். பம்ப் ரூமே ஒரு பெருமூச்சு விட்டதுபோல இருந்தது. பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. முனிராஜும் தொட்டுப் பார்த்தார். அவர் முகமும் இறங்கியது.

“அப்போ நாளைக்கு ஊட்டா?” என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் கீழ்த்தளப் படிகளில் ஒரு சத்தம். செயலாளர். தூக்கத்திலிருந்து எழுந்து வந்த பனியன், தோளில் துண்டு, இரண்டு கையாலும் ஏந்திய ஒரு பிளாஸ்டிக் ஷீட். ஷீட்டிலிருந்து கஞ்சித் தண்ணீர் சொட்டியது. பி பிளாக் மாடியில் அவர் வீட்டுச் சண்டிகை காய்ந்துகொண்டிருந்திருக்கிறது. சண்டிகை என்றால் நம் ஊர் வடகம். அரிசி மாவைக் கிளறி, பிழிந்து, கோடை வெயிலுக்குக் கொடுத்து, ஒரு வருஷம் பொரித்துச் சாப்பிடுவது. தொட்டி வழிந்து, எல்லாம் மறுபடி மாவாகிவிட்டது.

எப்படி என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். என் ஸ்கிரிப்ட் எட்டிப் பார்த்தபோது தொட்டி நிறைய ஒரு விரற்கடை பாக்கி. சரி, இன்னும் நிறையவில்லை என்று பத்து நிமிஷம் தூங்கப் போய்விட்டது.

“ஏன்ரீ இது? ஏன்ரீ?” என்று கன்னடத்தில் தொடங்கினார் செயலாளர். “நேத்து வரைக்கும் தண்ணி வரலை. இன்னிக்குத் தண்ணி நிக்கலை!” பிறகு முனிராஜைப் பார்த்தார். “இவன்தான்! பாத்தீங்களா, நீங்க இருக்கும்போதே கைவரிசைய காட்டிட்டான்!”

“நான் தொடவேயில்ல சார்” என்றார் முனிராஜ்.

“தொடாமயே பண்ணுவான்!”

எனக்கு வாய் திறக்க நாலைந்து நொடி ஆயிற்று. அந்த நாலைந்து நொடிக்காக நான் இன்றும் வெட்கப்படுகிறேன். “நான்தான் சார்” என்றேன். “இப்போ பண்ணின மாத்தத்துல ஒரு சின்னத் தப்பு.”

“சின்னத் தப்பா?” ஷீட்டை என் மூக்குக்கு நேரே நீட்டினார். சீரக வாசனை வந்தது. “நாளைக்கு ரிப்போர்ட்டோட வாங்க” என்று சொல்லிவிட்டு, சொட்டிக்கொண்டே படியேறிப் போனார்.

முனிராஜ் ஸ்டூலை எனக்குத் தள்ளினார். “ஒண்ணு கேக்கட்டா சார்? கோச்சுக்காதீங்க. மோட்டாரப் போட்டுட்டு நான் பத்து நிமிஷம் தூங்கினா என்னை டிஸ்மிஸ் பண்ணுவாங்க. உங்க மெஷின் தூங்கினா?”

“நீங்க எப்படிப் பாப்பீங்க, கையால போட்ட காலத்துல?”

“மோட்டாரப் போட்டா அரை மணி நேரம் அந்தப் பக்கமே போகமாட்டேன். சும்னே போய் எட்டிப் பாத்தா தண்ணி சீக்கிரம் ஏறிடுமா இன்னா? செடிக்குத் தண்ணி விடுவேன், டீ குடிப்பேன். முக்காத் தொட்டி ஆனா குழாய்ல சத்தம் மாறும். அப்போ மேல போயி நின்னுக்குவேன். அங்க நின்னா கண்ண எடுக்கமாட்டேன்.” கொஞ்சம் நிறுத்தி, “ரெண்டு தடவ எடுத்திருக்கேன். அது வேற கத” என்றார்.

அதைத்தான் எழுதினேன். தொட்டி காலியாக இருக்கும்போது இரண்டு நிமிஷத் தூக்கம். முக்கால் தாண்டினால் ஐந்து நொடிக் கண்ணயர்வு. எவ்வளவு தூங்கலாம் என்பதைக் கணினியைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். அது எவ்வளவு வேண்டுமானாலும் ஓடும். தண்ணீரைக் கேளுங்கள். நீங்கள் காத்திருக்கும் விஷயம் எவ்வளவு வேகமாக மாறும், தவறவிட்டால் யார் தலையில் கொட்டும். அந்த இரண்டு கேள்விக்குள் உங்கள் எண் இருக்கிறது. உங்கள் நூறு பெர்சென்டுக்கு என் பதில் இவ்வளவுதான். ஆனால் கதை முடியவில்லை, ஏனென்றால் முனிராஜை எடுக்கும் லெட்டர் இன்னும் செயலாளர் வீட்டு மேஜையில் இருந்தது.

அன்று சாயங்காலம் ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன். முதல் பிரதியில் இப்படி ஒரு வாக்கியம்: ‘வெப்பம் வெளியேறும் துளைகள் அந்நியப் பொருளால் மூடப்பட்டதால் சாதனம் செயலிழந்தது.’ படித்துப் பார்த்தேன். ஒரு சொல்லில்கூடப் பொய் இல்லை. அந்நியப் பொருள் என்பது ரசம் சாதம், அவ்வளவுதான். மூடப்பட்டது, செயலிழந்தது. யாரும் எதையும் செய்யாத, எல்லாம் தானாகவே நடந்துவிடுகிற அந்த நடை இருக்கிறதே, அதில் நம் தொழிலில் எல்லோரும் விற்பன்னர்கள். நாளைக் காலை பத்து மணிக்கு அந்த வாக்கியம் போய் நேராக முனிராஜின் கழுத்தில் உட்காரும். என் பெயர் அதில் எங்கும் இருக்காது. இரண்டாவது பிரதியில் ‘மென்பொருளிலும் சிறு மேம்பாடு செய்யப்பட்டுள்ளது’ என்று சேர்த்தேன். அது முதலாவதைவிடக் கேவலமாக இருந்தது. மூன்றாவதை ‘நான்’ என்ற சொல்லில் தொடங்கினேன். ஆறு வரியில் முடிந்துவிட்டது.

ஞாயிறு காலை, கிளப் ஹவுஸ். அறுபது பேர் இருக்கும். மேடைபோல ஒரு மேஜை. அதில் செயலாளர், பக்கத்தில் டைப் செய்த லெட்டர். கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோரமாக முனிராஜ், இஸ்திரி போட்ட சட்டையில். முதல் அஜெண்டா தண்ணீர்.

நான் எழுந்து என் ஆறு வரியைப் படித்தேன். நான் எழுதிய ஸ்கிரிப்ட் ஓய்வே இல்லாமல் சுற்றியதால் பெட்டி கொதித்தது. பெட்டி கொதித்ததால் அதன் மேல் சோற்று டப்பா வைத்தார்கள். டப்பா வைத்ததால் சூடு வெளியேறாமல் அணைந்தது. டப்பா இரண்டாவது தப்பு. முதல் தப்பு என்னுடையது. நேற்று சண்டிகை நனைந்ததும் என்னால்தான்.

நான் ஒன்றை மறந்துவிட்டிருந்தேன். வைட்ஃபீல்டில் அறுபது பேர் கூடினால் அதில் ஐம்பது பேர் நம் தொழில்.

“லூப்ல ஸ்லீப்பே போடலையா?” என்றது முதல் வரிசை.

“எந்த லாங்குவேஜ்?” என்றது மூன்றாவது வரிசை.

“அந்த பாக்ஸ்லயே ஓட்டி டெஸ்ட் பண்ணலையா? உங்க லேப்டாப்லயேவா?” என்று கேட்டார் குழந்தையை மடியில் வைத்திருந்த ஒரு பெண். குழந்தையும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தது.

பிறகு நடந்ததற்குப் பெயர் சங்கக் கூட்டம் இல்லை. இருபத்து மூன்று வருஷத்தில் எனக்கு அப்படி ஒரு கோட் ரிவ்யூ நடந்ததில்லை. ஒருவர் புரொஜெக்டரைப் போட்டார். என் நாற்பது வரியும் சுவரில் ஆளுயரத்துக்கு நின்றன. மாறியின் பெயரிலிருந்து உள்தள்ளல் வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு கை உயர்ந்தது. இரண்டு நிமிஷத் தூக்கம் அதிகம் என்று ஏ பிளாக். போதாது என்று சி பிளாக். தூங்கி எழுந்து கேட்பதே தப்பு, தொட்டியில் ஒரு மிதவை சுவிட்ச் வைத்து, நிறைந்ததும் அது எழுப்ப வேண்டும் என்று ஒரு கண்ணாடிக்காரர். அவருக்குக் கைதட்டல்.

“மிதவை இருந்துச்சு சார்” என்றார் முனிராஜ் சுவரோரத்திலிருந்து. “எட்டு வருஷமா. நான் கண்ண எடுத்தா மணியடிச்சுக் கூப்பிடும். இவங்க மெஷின் மாட்டறப்போ கழட்டி எறிஞ்சாங்க.”

அறுபது தலைகளும் என் பக்கம் திரும்பின. அதுவும் உண்மைதான்.

செயலாளர் மேஜையைத் தட்டினார். “இருங்க, இருங்க! இதெல்லாம் அப்புறம். இந்த ஆள் கம்ப்யூட்டர் மேல சாப்பாடு வெச்சிருக்கான். அது தப்பா இல்லையா? யாராவது வெப்பாங்களா, எலெக்ட்ரானிக் சாமான் மேல திங்கற பொருளை?”

நிறையப் பேர் தரையைப் பார்த்தார்கள்.

“நாங்க வெப்போம் சார்” என்றார் குழந்தைக்காரப் பெண் மெதுவாக. “டிசம்பர்ல தோசை மாவு. ரூட்டர் மேல. இல்லைனா புளிக்காது.”

“நாங்க இன்வெர்ட்டர் மேல” என்றார் கண்ணாடிக்காரர்.

அதன் பிறகு கூடம் அவிழ்ந்துவிட்டது. மாவு, தயிர், முளைகட்டிய பயறு. ரூட்டர், இன்வெர்ட்டர், பழைய டெஸ்க்டாப். பெங்களூரின் குளிரில் மாவைப் பொங்க வைக்க ஐம்பது இன்ஜினீயர்களும் ஐம்பது கருவிகளை அடைகாக்க விட்டிருந்தார்கள். செயலாளர் இரண்டு கையையும் தூக்கி, “நம்ம வீட்ல இந்த வழக்கமே கிடையாது” என்றார்.

“இருக்கே!” என்றது இரண்டாவது வரிசை. அவர் மனைவி. “செட்டாப் பாக்ஸ் மேலதானே வெக்கறேன். நியூஸ் பாக்கறப்ப மாவு எவ்ளோ எழும்பிருக்குன்னு நீங்கதானே பாத்துச் சொல்வீங்க?”

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அது அடங்கியபோது முனிராஜை வேலையிலிருந்து எடுப்பதற்குக் கை தூக்க அங்கே ஒருவரும் இல்லை. பூட்டின் சாவி இனி முனிராஜிடம் இருக்கட்டும், மிதவையை மறுபடி மாட்டட்டும், பம்ப் ரூமுக்கு ஒரு மைக்ரோவேவ் வாங்கட்டும் என்று மூன்று தீர்மானம் நிறைவேறியது.

செயலாளர் லெட்டரைக் கையில் எடுத்தார். கஷ்டப்பட்டு டைப் செய்தது. வீணாகப் போவதைப் பார்க்க அவருக்கு மனமில்லை.

“லெட்டர் ரெடியா இருக்கு” என்றார். “பேர் மட்டும் மாத்தினா போதும்.” கண்ணாடியை இறக்கி, அதன் மேல்வழியாக என்னைப் பார்த்தார். அவரோடு சேர்ந்து அறுபது பேரும் பார்த்தார்கள். எங்கள் கம்பெனியை வெளியே அனுப்ப அவருக்கு அதிகாரம் இருந்தது. என்னைக் காப்பாற்ற என்னிடம் ஒரு வரியும் மிச்சமில்லை.

சுவரோரத்திலிருந்து முனிராஜ் இரண்டடி முன்னால் வந்தார்.

“விட்டுருங்க சார், பாவம்” என்றார். “தொட்டி வேலைக்குப் புதுசு. போகப்போகக் கத்துக்குவாரு.”

எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. தொழிலுக்கு வந்து இருபத்து மூன்று வருஷம். அவர் சொன்னதில் திருத்த எதுவும் தெரியவில்லை. நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.